முக்குளிப்பவர்களும் எட்டிப் பார்ப்பவர்களும்
மன்னார் வளைகுடாவில் ஒருநாள் கடல் உலா: சில வரலாற்றுக் குறிப்புகள்

1

காரைக்குடிப் பக்கம் வருகிற பயணிகளுக்கு இன்று விற்கப்படுகிற பயணத் திட்டங்கள் பலவற்றுக்கும் ஒரே வாய்பாடுதான். ஒருநாள் வீடு, மறுநாள் கடல். வீடு என்றால் கானாடுகாத்தான், ஆத்தங்குடி: பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், வழவழப்பான சுவர், வாழையிலைச் சாப்பாடு. கடல் என்றால் இராமநாதபுரம் தாண்டி மண்டபம், பாம்பன்: படகுச் சவாரி, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்ப்பது (ஸ்நார்கலிங் என்கிறார்கள்), வேகம் வேண்டுகிறவர்களுக்குத் தண்ணீர்மேல் பறக்கிற ஜெட்ஸ்கி. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

இதிலே என்ன தப்பு, ஜனங்க ஊர் சுத்திப் பார்க்கிறதுகூடக் குத்தமா என்று கேட்கலாம். குற்றமில்லை. கடலுக்குள் தலையை விட்டுப் பார்த்த ஒரு குழந்தை வாழ்நாள் முழுக்க அதை மறக்காது. அந்தச் சந்தோஷத்தை நாம் கொச்சைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இந்த 'ஒருநாள்' எதையெல்லாம் காட்டுகிறது, எதையெல்லாம் மறைத்துவிட்டுக் காட்டுகிறது என்று கேட்டாக வேண்டும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கிறவரிடம் வழிகாட்டி கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பற்றியும் முட்டை வெள்ளைக்கருவைப் பற்றியும் சொல்கிறார். கிளிஞ்சலை யார் அள்ளினார்கள், யார் சுட்டார்கள் என்று சொல்வதில்லை. கேட்பாரும் இல்லை. வீடு இருக்கிறது, வீட்டைக் கட்டிய வட்டிக் கணக்கும் உழைப்பும் இல்லை. மறுநாள் கடலிலும் இதேதான் நடக்கிறது. மீன் இருக்கிறது, பாறை இருக்கிறது; அந்தத் தண்ணீருக்குள் காலங்காலமாக மூச்சடக்கி இறங்கிய மனுசர்கள் மட்டும் இல்லை.

ஆகவே இந்தக் கடல் உலாவின் வரலாறு என்பது, தண்ணீருக்குள் தலை விடும் உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்கிற வரலாறு. அதைச் சுருக்கமாகவாவது எழுதிப் பார்க்கலாம்.

2

மன்னார் வளைகுடாவில் முதலில் கடலடியைப் பார்த்தவர்கள் விஞ்ஞானிகளும் இல்லை, பயணிகளும் இல்லை. முத்துக்கும் சங்குக்கும் இறங்கிய பரவர்கள், கீழக்கரை முதலான ஊர்களின் முஸ்லிம்கள். அவர்களுடைய கருவி ஒரு கல், ஒரு கயிறு, ஒரு பை. கல்லில் கால் வைத்து இறங்குவது, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பியை வாரிப் பையில் போடுவது, கயிற்றை ஆட்டினால் மேலே இருக்கிறவர் இழுத்துவிடுவது. மேலே கயிறு பிடிக்கிறவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் சொல்வார்கள். அக்காள் தங்கச்சி தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்பது அதன் தர்க்கம். உயிர்ப் பயத்தை உறவாக மாற்றிக்கொண்ட ஏற்பாடு அது.

இந்த உழைப்பின்மீது அதிகாரங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. 1530களில் பரவர்கள் கூட்டங்கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவியதற்கும், முத்துக்குளித்துறையின்மீது போர்ச்சுக்கீசியர் பெற்ற பிடிக்கும் உள்ள தொடர்பு தெரிந்ததுதான். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. நாயக்கர்களும் சேதுபதிகளும் தங்கள் பங்கைக் கேட்டார்கள். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. கடலுக்குள் இறங்காத அரசுக்கு இரண்டு பங்கு என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. சுறா கடிக்காமல் மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுகிற 'கடல்கட்டி' என்று ஒருவர் உண்டு. அவர் இல்லாமல் ஆள் இறங்க மாட்டார்கள் என்பதால் பகுத்தறிவு பேசிய காலனி அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. 1890இல் தூத்துக்குடியில் ஒருவரைச் சுறா கடித்து எல்லோரும் பயந்துபோனபோது, குளிப்பவர்களே ஒரு மந்திரக்காரப் பெண்ணை ஏற்பாடு செய்துகொண்டார்கள். பயம் தணிந்தது, மறுபடியும் சுறா கடித்ததும் குளிப்பையே கைவிட வேண்டியதாயிற்று. மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் இன்றைக்கு நாலு வார்த்தை ஆங்கிலத்தில் அச்சடித்த 'பொறுப்பு எங்களுடையதல்ல' என்கிற தாளில் பயணியிடம் கையெழுத்து வாங்குவதும் பயத்தைக் கட்டுகிற ஒரு சடங்குதானே.

தூத்துக்குடிப் பக்கத்தின் கடைசி முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதன்பிறகு முத்து இல்லை. முக்குளிக்கத் தெரிந்த உடம்புகள் மட்டும் மிஞ்சின.

3

'இயற்கையைப் பார்த்தல்' என்பது இந்தக் கடலில் எப்போது தொடங்கியது? சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1880களில் இராமேசுவரம், பாம்பன் பக்கம் வந்து பவளங்களையும் கடலுயிர்களையும் சேகரித்தார். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றிய அவருடைய நூல் 1890இல் வெளியாயிற்று. இதே தர்ஸ்டன்தான் பின்னால் மூக்கின் நீள அகலத்தை அளவெடுத்துத் தென்னிந்தியச் சாதிகளை வகைப்படுத்தினார். 1909இல் ஏழு தொகுதிகள் வந்தன. பவளத்தைப் பிரித்து வகை சொன்ன கையும் பரவரையும் பள்ளரையும் வகை சொன்ன கையும் ஒன்று. அறிவு என்பது அதிகாரத்தின் ஒரு நடைமுறை என்று பூக்கோ சொல்வதற்கு நம் கடற்கரையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. குளித்து எடுத்துக் கொடுத்தவனும் பட்டியலுக்குள் ஒரு இனமாகிப்போனான்.

அடுத்து குருசடைத் தீவு.  குருசடையின் கரையோர உயிர்களைப் பற்றிக் கிரேவ்லி தொகுத்து 1927இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட நூலை உலகத்து விலங்கியலாளர்கள் அறிவார்கள். முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் உறவு சொல்கிற பலனோகுளோசஸ் என்கிற புழுவைப் பார்க்கக் கல்லூரி மாணவர்கள் அந்தத் தீவுக்கு வந்தார்கள். இன்றைய உலாவின் முன்மாதிரி இந்தக் கல்விச் சுற்றுலாதான்: கரையிலிருந்து படகு, ஒரு தீவு, ஒரு வழிகாட்டி, ஒரு பெயர்ப்பட்டியல்.

இந்தக் காலம் முழுக்க இதே கடலை வேறு சிலர் கடந்துகொண்டிருந்தார்கள். இலங்கையில் காப்பித் தோட்டம் போட்ட நாளிலிருந்து இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளின் ஏழைச் சனங்கள், அதிகமும் தலித்துகள், தொண்டிக்கும் பாம்பனுக்கும் நடந்து வந்து, தோணியேறி, அக்கரையில் காட்டுவழியே மலைக்கு நடந்தார்கள். செத்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். நம் செட்டிநாட்டு நகரத்தாரும் இதே கடலைத்தான் கடந்தார்கள். கொழும்பில் அவர்கள் பேரால் செட்டியார் தெரு உண்டு, கதிரேசன் கோயில்கள் உண்டு. கூலி போனவனுக்குத் தெருவும் இல்லை, கோயிலும் இல்லை. மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. நோய் இருக்கிறதா என்று பார்க்க ஆட்களை அடைத்துவைத்து, பிறகு அனுப்புகிற முகாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின் இந்தப் பாதையே பிரதானமானது.

இந்த முகாமின் பிற்கால வரலாறு கவனத்துக்குரியது. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. 1964 ஒப்பந்தத்தின்படி நாடற்றவர்களாக்கித் திருப்பியனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் மண்டபத்தில்தான் வந்து இறக்கப்பட்டார்கள். 1983க்குப்பின் ஈழ அகதிகளுக்கும் மண்டபம் முகாமே முதல் வாசல். கூலி, மீன் ஆராய்ச்சி, தாயகம் திரும்பியோர், அகதி: எல்லாம் ஒரே வளாகத்தின் சுற்றுவட்டத்தில். இன்றைக்குப் படகேறப் போகிற பயணியின் வண்டி இந்த முகாமை ஒட்டித்தான் போகிறது. பயணத் திட்டத்தில் அது இல்லை.

4

1986இல் இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடிவரை உள்ள இருபத்தொரு தீவுகளும் சுற்றுக்கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. காரணம் இல்லாமல் இல்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றியதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் முழுகியே போய்விட்டன. பாறை வெட்டுவது 2005 வாக்கில்தான் ஓய்ந்தது. வெட்டியவர்கள் ஏழை மீனவர்கள், வாங்கியவர்கள் சூளைக்காரர்களும் ஆலைக்காரர்களும். கடலை அழித்தவர்கள் என்ற பேர் யாருக்கு வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

சட்டம் வந்தது. கெடுபிடி இரண்டாயிரத்துக்குப் பிறகு இறுகியது. 2001இல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது; அட்டை எடுத்துப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் புலி வேட்டைக்காரர்களுக்குச் சமமான குற்றவாளிகளாயினர். பாசி எடுக்கிற பெண்களுக்கும் இதே கதிதான்.

இந்தப் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். பாம்பன் சின்னப்பாலம் முதலான ஊர்களின் பெண்கள் வல்லங்களில் தீவுகளுக்குப் போய், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறை இடுக்குகளிலிருந்து மரிக்கொழுந்து, கட்டக்கோரை ஆகிய பாசிகளைப் பறித்து வருகிறார்கள். 1960களிலிருந்து பெருகிய தொழில் இது. பாசி மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்குப் போகிறது. ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேர்கிறது. புடவை, அதன்மேல் ஆண்கள் சட்டை: அவர்களுடைய முக்குளிப்பு உடுப்பு அதுதான். பயணி காசு கொடுத்துச் செய்கிற காரியத்தை இவர்கள் காசுக்காகச் செய்கிறார்கள். பயணிக்கு அது 'அனுபவம்', இவர்களுக்கு 'அத்துமீறல்'. தீவுகளில் இறங்கச் சட்டப்படி தடை. பிடித்தால் பாசி போச்சு, படகு போச்சு, அபராதம் வேறு.

அவர்கள் என்ன செய்தார்கள்? கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசிக்குப் போவது என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். பாசி வளர்வதற்கான நாட்களை விட்டுவைக்கிற ஏற்பாடு அது. எந்த அதிகாரியும் எழுதிக் கொடுக்காத விதி. இந்தப் போராட்டத்தில் முன்நின்ற சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு விருது கொடுத்தது. பாறையைக் காப்பாற்றியவர் என்று கடல் தாண்டிப் பாராட்டு. சொந்தக் கடலில் திருட்டுப் பட்டம். நம்முடைய சூழலியல் சொல்லாடல்களில் இந்த முரண் பேசப்படாமலே கிடக்கிறது.

5

இதற்கிடையில்தான் உலா வருகிறது. குந்துகாலிலிருந்து குருசடைக்கு வனத்துறைப் படகு. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும். பிரப்பன்வலசை, அரியமான் பக்கம் நீர் விளையாட்டுகள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. காரங்காட்டில் ஊர்க்காரர்களே படகு ஓட்டுகிறார்கள், ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள்; காசு கொஞ்சமாவது ஊரில் தங்குகிறது. துடுப்புப் படகு அலையாத்தி வேர்களுக்கிடையில் சத்தமில்லாமல் போகும்.

ஜெட்ஸ்கி அப்படியில்லை. 1970களின் தொடக்கத்தில் கவாசாகி கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த வண்டி அது. மோட்டார் சைக்கிளைத் தண்ணீரில் ஓட்டுகிற ஆசை. அதற்குக் கடல் வேண்டியதில்லை, தண்ணீர்ப் பரப்பு போதும். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலிருப்பதுதான் அதன் இன்பமே. ஆனால் பாக் நீரிணையோ ஆழங்குறைந்த கடல். அதன் கடற்புல்லை மேய்கிற ஆவுளியா என்னும் கடற்பசு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். அதற்காகத்தான் 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகம் அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவில் கடற்பசு மேயும் இடங்களில் படகு மெதுவாகத்தான் போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மோட்டார் விளையாட்டுகளைப் பெருக்கும் முன்னால் நாமும் இதை யோசித்தாக வேண்டும்.

பாறை பார்ப்பதும் அப்பாவிக் காரியமல்ல. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்துப்போயின. சூட்டில் நொந்த பவளத்தின்மேல் ஒரு கால் பட்டாலும் கேடுதான். தாய்லாந்தில் ஒரு திரைப்படத்தால் பிரபலமான மாயா விரிகுடாவைப் பயணிகள் கூட்டம் நாசமாக்கியதால் 2018இல் மூடினார்கள். 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். பவளத்துக்குக் கேடான ரசாயனங்கள் உள்ள வெயில் களிம்புகளை ஹவாயில் 2021 முதல் விற்கக்கூடாது. கடல் உலாவைப் பெரும் தொழிலாக்கிய நாடுகளே பின்வாங்குகிற இடத்தில் நாம் முன்னேறப் போகிறோமா?

உலாவை ஒழிக்கச் சொல்வது நம் வேலையல்ல. மீன் குறைந்த கடலில் படகோட்டுகிற மீனவ இளைஞனுக்கு அது ஒரு வருமானம். ஆனால் அவன் ஓட்டுநராக மட்டும் இருக்கிறானா, எத்தனை படகு, எந்தெந்த மாதம், எந்தப் பாறைக்கு என்று முடிவெடுக்கிறவனாகவும் இருக்கிறானா? பயணிக்குத் திறக்கிற தீவு, வரம்பு வைத்துக்கொண்டு பாசி எடுக்கிற பெண்ணுக்கு ஏன் மூடியிருக்கிறது? பன்னிரண்டு நாள் என்று விதி செய்யத் தெரிந்தவர்களுக்குப் பயணிகளுக்கு விதி செய்யத் தெரியாதா?

இவற்றுக்கு விடை நம்மைப் போன்ற எழுதுகிறவர்களிடம் இல்லை. சின்னப்பாலத்திலும் காரங்காட்டிலும் இருக்கிறது. கடற்கரை அமைப்புகளோடு வேலை செய்கிற தோழர்கள் இந்தக் கேள்விகளை அங்கே கொண்டுபோய், உட்கார்ந்து பேச வேண்டும். காரைக்குடியிலிருந்து வண்டி அனுப்புகிறவர்களிடமும் ஒன்று கேட்கலாம்: மண்டபத்தைக் கடக்கும்போது ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி, அந்த முகாம் எது, அங்கே யார் யார் இருந்தார்கள் என்று ஏன் சொல்லக்கூடாது?