அறுபது கிலோமீட்டர் பேட்டரி

மின்சாரக் கார் ஏதோ நேற்று வந்த சமாச்சாரம் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1993-லேயே நம் கோயம்புத்தூரில் தயாரானது என்றால் நம்ப மறுக்கிறார்கள். சாலக்குடியைச் சேர்ந்த எடி எலெக்ட்ரிக் நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவாவோடு கூட்டுச் சேர்ந்து 'லவ்பேர்ட்' என்ற காரைக் கொண்டுவந்தது. சாலக்குடியிலும் கோவையிலும் செய்தார்கள். இரண்டு பேர் உட்காரலாம். ஈய பேட்டரி. ராத்திரி சார்ஜ் போட்டால் சுமார் 60 கிலோமீட்டர் ஓடும். செங்குத்தான மேட்டில் திணறும். கொஞ்ச காலத்தில் காணாமல் போனது.

ஏன் என்று பஸ் பணிமனையின் பேட்டரி அறையில் காலம் தள்ளிய என்னைக் கேட்டால், ஒரே பதில்தான்: ஈய பேட்டரி பட்டினி தாங்காது. பஸ்ஸில் அதற்கு வேலை குறைவு. என்ஜினைக் கிளப்பிவிடும், உடனே ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். ராத்திரி யாராவது ஹெட்லைட்டை அணைக்க மறந்து, நாலைந்து தடவை முழுக்க வடிந்துவிட்டால் பிளேட்டில் வெள்ளை பூத்துவிடும். அப்புறம் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி என்ன பிரயோசனம்? 2012 மின்வெட்டில் இன்வெர்ட்டர் வைத்திருந்த திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். மின்சாரக் கார் பேட்டரிக்கோ தினமும் அந்தப் பட்டினிதான்.

இத்தனைக்கும் பேட்டரி ஆராய்ச்சி நமக்குப் புதிதல்ல. பக்கத்துக் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 பொங்கல் சமயத்தில் திறக்கப்பட்டது.

2010 டிசம்பரில் அமெரிக்காவில் 'ஷெவர்லே வோல்ட்' வந்தது. வீட்டில் சார்ஜும் போடலாம், பெட்ரோலும் ஊற்றலாம். இதைத்தான் பிளக்-இன் ஹைப்ரிட் என்கிறார்கள். மின்சாரத்தில் மட்டும் அது ஓடிய தூரம் ஏறக்குறைய 56 கிலோமீட்டர். நம்ம லவ்பேர்ட் ஓடிய தூரம்தான்! ஆனால் லவ்பேர்ட் நின்றுபோகும் இடத்தில் இதில் பெட்ரோல் என்ஜின் விழித்துக்கொள்ளும். இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. 16 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரியில் சுமார் 10 யூனிட்டை மட்டுமே எடுக்க விடுவார்கள். உச்சி வரை நிரப்பவும் மாட்டார்கள், அடிவரை வழிக்கவும் மாட்டார்கள். சூட்டைத் தணிக்கத் தனியாகத் திரவம் ஓடும். அதனால்தான் எட்டு வருட வாரண்டி கொடுக்கத் துணிந்தார்கள்.

நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அந்தக் குளிர்ச்சி ரொம்ப அவசியம். லித்தியத்துக்குச் சூடுதான் எமன். அதிலும் முழு சார்ஜோடு வெயிலில் நிறுத்துவது மோசம். வேப்பமர நிழல் கிடைத்தால் விடாதீர்கள்.

இந்தியாவில் இந்த வகை இன்னும் விலை கூடிய சில வெளிநாட்டு வண்டிகளில்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் போய் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நம் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது பேட்டரி வடியும். இறங்கும்போது வண்டியின் வேகமே மின்சாரமாகி உள்ளே திரும்பும். மேலேயே முழுக்க சார்ஜ் போட்டுவிட்டால் அதற்கு இடமிருக்காது. ஆகவே மலையில் தங்கினால் கொஞ்சம் குறையாகவே வைத்து இறங்குங்கள்.