உப்பு சுமந்தவள் பெயர்

சிறுபாணாற்றுப்படை பாடுற எயிற்பட்டினம் நம்ம மரக்காணம்தான்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. அந்தப் பாட்டுல உப்பு வணிகர்களான உமணரோட வண்டி வருது. உமணர் வீட்டுப் பெண்கள்? கூந்தல், இடை, பெற்ற பிள்ளைகள். அவங்களைப் பத்தி அவ்வளவுதான்.

1930-ல் காந்தியோடு தண்டிக்குப் புறப்பட்ட 78 தொண்டர்களில் ஒரு பெண்கூட இல்லை. கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்கள் இடம் கேட்டு வாதாட வேண்டியிருந்தது. வேதாரண்யம் போராட்டத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். ஆனா அவர் பட்டதாரி, நிலம் உள்ள குடும்பம்.

கூலிக்கு உப்பு சுமந்தவளோட பெயர் நம்ம பாடப்புத்தகத்துல இல்லை. ஆணுக்குப் பின்னால மட்டுமில்ல, படித்த பெண்ணுக்குப் பின்னாலயும் அவள் மறைஞ்சு போறா. அதனால ‘பெண்கள் வரலாறு’ன்னு யார் சொன்னாலும், எந்தப் பெண்ணோடதுன்னு நான் கேட்கிறேன். மரக்காணம் உப்பளத்துல இன்னைக்கும் பெண்கள் வேலை செய்றாங்க. பேரைக் கேட்டா சொல்லுவாங்க.