ஓட்டா, வாக்கா, மதமா?

இங்கே புனேயில் தேர்தல் வந்தால் பள்ளிக்கூடச் சுவரெல்லாம் 'மத்தான்' என்று தேவநாகரியில் எழுதிவிடுவார்கள். 2024 சட்டசபைத் தேர்தல் சமயத்தில் அதை எழுத்துக்கூட்டிப் படித்த என் மகள் கேட்டாள்: "அப்பா, மதத்தையா தானம் பண்றாங்க?"

நியாயமான கேள்விதான். சமஸ்கிருதத்தில் 'மத' என்றால் எண்ணம், கருத்து. மராத்தியும் இந்தியும் அந்தப் பொருளை விடாமல் வைத்திருக்கின்றன. தமிழில் அது சமயத்துக்குப் போய்விட்டது. 'சம்மதம்' என்ற சொல்லில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, மத்தான் என்றால் நம் கருத்தைத் தானமாகக் கொடுப்பது. எனக்கென்னவோ இந்தத் தானம் பிடிக்கவில்லை. தானம் கொடுத்தவன் திரும்பக் கணக்குக் கேட்கக் கூடாதே!

நம்ம 'ஓட்டு' ஆங்கில 'வோட்'தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வோட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவாரசியம். லத்தீனில் 'வோட்டும்' என்றால் நேர்த்திக்கடன். போருக்குப் போகும் தளபதி, ஜெயித்தால் உனக்குக் கோயில் கட்டுகிறேன் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வார். ரோமின் கான்சல்கள் பதவியேற்றதும் ஜூபிடர் கோயிலில் நாட்டின் நலனுக்காக நேர்ந்துகொள்வார்கள். நீ இதைச் செய், நான் இதைத் தருகிறேன். வேடிக்கை என்னவென்றால், தேர்தலில் போடும் ஓட்டுக்கு ரோமானியர்கள் வைத்திருந்த சொல் வேறு: 'சஃப்ராகியம்'. வோட்டும் தேர்தலுக்கு வந்ததெல்லாம் பின்னால்தான். ஸ்பானிய மொழியில் இன்றும் 'வோட்டோ' என்றால் ஓட்டும்தான், சபதமும்தான்.

தமிழில் 'வாக்கு' என்று வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்தார்களோ என்னவோ, பொருத்தம் அபாரம். வாக்குக் கொடுத்தால் தவறக் கூடாது. நாம் போடுவது வாக்கு, வேட்பாளர் நமக்குத் தருவது வாக்குறுதி. இரண்டு பக்கமும் கடன் இருக்கிறது.

தேர்தல் என்றதும் உத்திரமேரூர்க் குடவோலையை நாம் இழுத்துவிடுவோம். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 921 கல்வெட்டு. பெருமைதான், ஆனால் அது வாக்கு அல்ல, குலுக்கல். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். போட்டியிட வயது 35 முதல் 70. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவரது உறவினருக்கும் இடமில்லை (இது இன்றைக்கும் இருந்தால்!). வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மைப் போன்றவர்கள் வேடிக்கைதான் பார்த்திருக்க வேண்டும்.

1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதை அப்படியே திருப்பிப் போட்டது. வழக்கமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் வாக்கு. ஒருவருக்கு ஒரு தொகுதிதான். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது என்று அதன் 20ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இதுதான் வலிக்கிற இடம். அப்பா அம்மா இருக்கும் தெருவுக்குச் சாக்கடை வருமா என்பதில் நமக்கு வாக்கு இல்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் இந்தத் தெருவில் உண்டு. நம்மில் பலர் இரண்டு இடத்திலும் போடாமலே பத்து வருஷம் ஓட்டிவிடுகிறோம்.

இடம் மாறியவர்களுக்கு 2022 ஆகஸ்ட் முதல் படிவம் 8. புதிதாகச் சேர்பவர்களுக்குத்தான் படிவம் 6. மாற்றி நிரப்பிவிடாதீர்கள்.