அமைதிப் பள்ளத்தாக்கும் அணையும்

பாலக்காட்டு மாவட்டத்தில், நீலகிரி மலைத்தொடரின் தென்மேற்கு விளிம்பில், குந்திப்புழை ஆற்றின் இருமருங்கும் செறிந்து கிடக்கிறது ஒரு மழைக்காடு. ஆங்கிலேயர் அதற்கு ஸைலண்ட் வேலி எனப் பெயரிட்டனர். நாம் அமைதிப் பள்ளத்தாக்கு என்கிறோம். செங்குத்தான மலைமுகடுகள் மதிலென நிற்க, ஊரும் சாலையும் இன்றி அது தனித்திருந்தது. 1914ஆம் ஆண்டில் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. எனினும், சட்டத்தைவிடச் சாலையின்மையே அதற்குச் சிறந்த காவலாக விளங்கிற்று என்பது நம் கருத்து.

அக்காவலுக்குச் சோதனை மின்சாரத்தின் வடிவில் வந்தது. சைரந்திரி என்னுமிடம் அணைக்கு ஏற்றதென 1928லேயே குறிக்கப்பட்டிருந்தது. 1973ல் திட்டக்குழு இசைவளித்தது. 131 மீட்டர் உயர அணை, 120 மெகாவாட் மின்சாரம் என்பது திட்டம். நீரில் மூழ்குவது சுமார் 830 ஹெக்டேர்தானே என்றனர் அதன் ஆதரவாளர். ஆனால், ஆற்றோரக் காடே அப்பள்ளத்தாக்கின் உயிர்நிலை. அன்றியும், அணை கட்ட லாரி வேண்டும், லாரிக்குச் சாலை வேண்டும். சாலை திறந்தபின் கோடரியைத் தடுப்பவர் யார்?

1976ல் இயற்கை ஆர்வலர் ஸஃபர் ஃபுதேஹல்லி தலைமையில் அமைந்த மத்திய அரசின் குழு, திட்டத்தைக் கைவிடுமாறு கூறிற்று. கைவிட இயலாதெனில் இன்னின்ன பாதுகாப்புகள் வேண்டுமெனப் பதினேழு நிபந்தனைகளையும் உடன் வைத்தது. ஃபத்வா கேட்டுவந்து அதிலுள்ள சலுகையை மட்டும் பற்றிக்கொண்டு செல்வோரை நாம் அறிவோம். மாநில அரசும் அவ்வாறே செய்தது!

அந்நிலையில் முன்வந்தவர்களுள், 1962ல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தினர் முதன்மையானவர்கள். அவர்களுட் பலர் நம்மைப் போன்ற ஆசிரியர்கள். அவர்கள் நின்ற இடம் எளிதன்று. மலபார் மின்சாரப் பற்றாக்குறையால் பின்தங்கிக் கிடந்தது. அணை எழுந்தால் விளக்கும் வேலையும் பாசனமும் வருமென அங்குள்ள ஏழை மக்கள் நம்பினர். பெருங்கட்சிகளும் அணையின் பக்கமே நின்றன. இருட்டில் இருப்பவனிடம் சென்று, குரங்கைக் காக்க நீ விளக்கின்றி இரு என்று எவர் சொல்ல முடியும்? சிங்கவால் குரங்கைச் சொல்லிப் பரிகசித்தவர்களும் இருந்தனர்.

பரிஷத்தினர் அக்கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. தாவரவியல், மின்பொறியியல், வேளாண்மை, பொருளியல் கற்றோர் ஒன்றுகூடி, 1979ல் திட்டத்தின் வரவு செலவையே எடைபோட்டு ஓர் அறிக்கை வெளியிட்டனர். மலபாருக்கு மின்சாரம் வேண்டும், அதனை வேறு வழியில் தரலாம் என்பதே அதன் வாதம். அதனைப் பொதுக்கூட்டந்தோறும் எளிய மலையாளத்தில் விளக்கினர். கவிஞர் சுகதகுமாரி முதலானோர் பாடினர், எழுதினர். முதிர்ந்த வயதிலிருந்த பறவையியல் அறிஞர் ஸாலிம் அலீ நேரில் சென்று பார்த்து, திட்டத்தைக் கைவிட வேண்டினார். புகழ் கவிஞர்க்கும் அறிஞர்க்கும் போயிற்று. ஊர் ஊராய்க் கசப்பான பேச்சைக் கேட்டவர்கள் ஆசிரியர்களே.

வழக்கும் நடந்தது. 1980 ஜனவரியில் உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. ஆனால், பிரதமர் இந்திரா காந்தி பணியை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொண்டார். எம்.ஜி.கே. மேனன் குழு ஆராய்ந்தபின் 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் 89.52 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இன்று முக்காலி என்னும் ஊரிலிருந்து வனத்துறையின் வண்டியில் 23 கிலோமீட்டர் சென்றால் சைரந்திரியை அடையலாம். அணைக்கென்று குறித்த இவ்விடத்தில் ஒரு பார்வைக் கோபுரம் நிற்கிறது. கீழே ஆற்றுக்கு நடந்துதான் போகவேண்டும்.