ரசிகரின் ஜெர்சி: உலகக் கோப்பைச் சந்தை வளர்ந்த வரலாறு

உலகக் கோப்பைக் கால்பந்து 1930இல் உருகுவேயில் தொடங்கியபோது, ரசிகருக்கென்று ஜெர்சி தைத்து விற்கும் வழக்கம் இல்லை. கால்பந்து வேரூன்றிய பிரிட்டனிலும் அக்கால ரசிகரின் அடையாளங்கள் எளியவை. சட்டையில் குத்திக்கொள்ள அணியின் நிறத்தில் ஒரு ரிப்பன் பூ, வீட்டுப் பெண்கள் பின்னிக் கொடுத்த கம்பளி மஃப்ளர், கையில் சுழற்ற ஒரு மரக் கிலுகிலுப்பை, அவ்வளவுதான். நூலும் ரிப்பனும் எந்தக் கடையிலும் கிடைத்தன. ஓர் அணியின் நிறத்தைப் பயன்படுத்த எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த தொண்ணூறு ஆண்டுகளில் இந்த நிலைமை தலைகீழானது.

முதலில் நிகழ்ந்த மாற்றம், சட்டையைப் பார்த்தே நாட்டைச் சொல்லும் நிலை உருவானது. 1950இல் சொந்த மண்ணில் உருகுவேயிடம் கோப்பையை இழந்த பிரேசில் அப்போது வெள்ளைச் சட்டையில் ஆடியது. தேசியக் கொடியின் நான்கு நிறங்களும் இடம்பெறும் புதிய சீருடைக்காக ‘கொரெயோ த மன்யா’ என்ற நாளிதழ் 1953இல் போட்டி நடத்தியது. அதில் ஆல்டிர் கார்சியா ஷ்லீ என்ற இளைஞரின் வடிவம் வென்றது. பச்சை ஓரம் வைத்த மஞ்சள் சட்டை, வெள்ளைக் கோடு போட்ட நீலக் கால்சட்டை. 1970இல் மெக்சிகோ போட்டி வண்ணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, அந்த மஞ்சள் நிறம் பல நாடுகளின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது. வீரர் உடுத்தியதைத் தானும் உடுத்த வேண்டும் என்ற ஆசைக்குத் தொலைக்காட்சியே பெரிய தூண்டுகோல்.

போட்டியின் பெயரைப் பொருட்களில் போட்டு விற்கும் முறை 1966இல் இங்கிலாந்தில் உருப்பெற்றது. ரெஜ் ஹோய் என்ற ஓவியர் வரைந்த ‘வேர்ல்ட் கப் வில்லி’ என்ற சிங்கம்தான் உலகக் கோப்பையின் முதல் சின்னப் பொம்மை. பிடரி சிலிர்க்க, பிரிட்டிஷ் கொடியையே சட்டையாக அணிந்து, பந்தை உதைத்தபடி நடந்துவரும் அந்தச் சிங்கம் பொம்மை, கோப்பை, துண்டு எனக் கண்ட பொருளிலெல்லாம் ஏறியது. உருவம் போட்டி நடத்துபவருக்குச் சொந்தம். அதை அச்சிட விரும்பும் தயாரிப்பாளர் உரிமம் பெற வேண்டும். இந்த ஏற்பாடு அதன்பின் நிலைத்துவிட்டது. 1970இல் மெக்சிகோவின் ஹுவானிட்டோ, 1982இல் ஸ்பெயினின் ஆரஞ்சுப் பழமான நாரன்ஹீட்டோ என்று ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு சின்னம் பிறந்தது.

அதே 1970இல் இத்தாலியின் மொதேனா நகரைச் சேர்ந்த பனீனி நிறுவனம் தன் முதல் உலகக் கோப்பை ஸ்டிக்கர் ஆல்பத்தை வெளியிட்டது. உறையைப் பிரித்தால்தான் உள்ளே எந்த வீரர் இருக்கிறார் என்பது தெரியும். ஒரே முகம் இரண்டாம் முறை வந்தால் நண்பனிடம் கொடுத்து வேறொன்றை வாங்க வேண்டும். சிறுவர்களின் இந்தப் பண்டமாற்று, நாளடைவில் பெரியவர்களின் பழக்கமாகவும் ஆனது. 2022இல் அர்ஜென்டினாவில் ஸ்டிக்கர் தட்டுப்பாடு முற்றியபோது, கடைக்காரர்களையும் நிறுவனத்தையும் அழைத்து அரசின் வணிகத் துறையே பேச்சு நடத்த வேண்டியிருந்தது.

ஜெர்சி வணிகத்தின் திருப்புமுனையோ இங்கிலாந்தின் லெஸ்டர் நகரை அடுத்த விக்ஸ்டனில் நிகழ்ந்தது. உள்ளாடை பின்னிவந்த பழைய ஆலை ஒன்றின் வணிகப் பெயர் ‘அட்மிரல்’. அதன் உரிமையாளர் பெர்ட் பேட்ரிக் ஓர் எளிய சிக்கலைக் கண்டுகொண்டார்: வெறும் வெள்ளைச் சட்டையை எந்த ஆலையும் பின்னலாம், அதை யாரும் தனக்கே உரியது என்று சொல்ல முடியாது. எனவே காலரிலும் தோளிலும் கையோரத்திலும் பட்டைகளையும் தன் முத்திரையையும் சேர்த்து, சட்டையைத் தனித்த வடிவமாக்கினார். வடிவம் தனித்ததாக இருந்தால் அதைப் பதிவு செய்யலாம். பிறர் நகலெடுப்பதைத் தடுக்கலாம். 1973இல் டான் ரெவீ பயிற்றுவித்த லீட்ஸ் யுனைடெட்டோடும், ரெவீ இங்கிலாந்து மேலாளரான 1974இல் தேசிய அணியோடும் அட்மிரல் ஒப்பந்தம் செய்தது. அதுவரை அணிகள் பணம் கொடுத்துச் சீருடை வாங்கின. இப்போது சீருடை தைப்பவர் அணிக்குப் பணம் கொடுத்தார். அந்தப் பணம் ரசிகர்களிடமிருந்து திரும்பி வந்தது. சிறுவர் அளவு ஜெர்சிகள் விலை கூடுதல் என்று பெற்றோர் முணுமுணுத்தாலும் விற்றுத் தீர்ந்தன.

முத்திரையின் மதிப்பு எவ்வளவு என்பதை 1974 உலகக் கோப்பை காட்டியது. நெதர்லாந்து வீரர்களின் சட்டையில் அடிடாஸின் மூன்று கோடுகள்; யோகன் க்ரைஃபின் சட்டையில் மட்டும் இரண்டு. அவர் அடிடாஸின் போட்டியாளரான பூமாவோடு ஒப்பந்தம் செய்திருந்ததே காரணம். அதன்பின் பருத்தியின் இடத்தைப் பாலியெஸ்டர் பிடித்தது. துணியின் மீதே சிக்கலான வடிவங்களை ஏற்றுவது எளிதாயிற்று. 1990இல் கோப்பை வென்ற மேற்கு ஜெர்மனியின் மார்புக் குறுக்கே கருப்பு, சிவப்பு, பொன் நிறப் பட்டை நெளிந்தோடும் சட்டை இன்றும் பழைய ஜெர்சி சேகரிப்போர் தேடும் சரக்கு. 1994 அமெரிக்கப் போட்டியிலிருந்து வீரர்களின் பெயரும் முதுகில் ஏறியது. நாட்டின் சட்டையை வாங்கியவர், அதன்பின் குறிப்பிட்ட வீரரின் சட்டையைக் கேட்டு வாங்கலானார்.

பணம் பெருகியபோது வழக்குகளும் வந்தன. இங்கிலாந்து, மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சிகளின் விலை குறையாமல் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டதற்காக, பிரிட்டனின் நியாய வணிக ஆணையம் 2003இல் பத்து அமைப்புகளுக்கு மொத்தம் 1.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் சிலருக்குத் தொகை மாறியது. அரங்க வாசலிலும் காவல் இறுகியது. 2006இல் ஸ்டுட்கார்ட்டில், போட்டிக்கு விளம்பரதாரராக இல்லாத டச்சு பீர் நிறுவனம் ஒன்றின் பெயர் பொறித்த ஆரஞ்சுக் கால்சட்டையோடு வந்த நெதர்லாந்து ரசிகர்கள், அதைக் கழற்றிவிட்டே உள்ளே போக நேர்ந்தது. பலர் உள்ளாடையோடு ஆட்டம் பார்த்தார்கள். 2010இல் அதே நிறுவனம் விநியோகித்த ஆரஞ்சுக் குட்டை ஆடை அணிந்த பெண்கள் ஜோகன்னஸ்பர்க் அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஆடையில் பெரிய விளம்பர எழுத்து எதுவும் இல்லை. பொதுச் சொத்தாக இருந்த நிறம்கூடச் சந்தேகத்துக்கு உள்ளாகும் நிலை வந்துவிட்டது.

உரிமம் பெற்றால் லாபம் உறுதி என்பதும் இல்லை. 2006இன் சிங்கச் சின்னமான கோலியோவின் பொம்மைகளைத் தயாரித்த ஜெர்மானிய நிறுவனம் நிசி, போட்டி தொடங்கும் முன்பே திவால் மனு கொடுத்தது. இதற்கிடையில் உற்பத்தி பெரும்பாலும் ஆசியாவுக்கு நகர்ந்திருந்தது. பாகிஸ்தானின் சியால்கோட்டில் சிறுவர்கள் பந்து தைப்பது உலகளவில் கண்டனத்துக்கு உள்ளாகி, அதை ஒழிப்பதற்கான அட்லாண்டா உடன்பாடு 1997இல் கையெழுத்தானது. 2014 போட்டியின் பிரசூக்கா பந்துகள் அதே ஊரின் ஆலையிலிருந்தும் சென்றன.

2018இல் நைஜீரிய அணிக்காக நைக்கி வெளியிட்ட பச்சை வெள்ளை ஜெர்சி, சந்தையின் இன்றைய இயல்பைக் காட்டியது. முப்பது லட்சம் முன்பதிவுகள் வந்ததாக அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. லண்டன் கடை வாசலில் வரிசை நின்றது; சில மணி நேரத்தில் சரக்கு தீர்ந்தது. வாங்கியவர்களில் பலர் நைஜீரியர் அல்லர். சட்டை ஆதரவின் அடையாளமாக மட்டும் இல்லாமல் நவீன உடையாகவும் ஆகிவிட்டது.

இந்தியா உலகக் கோப்பையில் ஒருமுறையும் ஆடியதில்லை. ஆகவே கேரளத்திலும் வங்காளத்திலும் ரசிகர்கள் அர்ஜென்டினாவையும் பிரேசிலையும் சொந்த அணிகளாகத் தத்தெடுத்துக்கொண்டார்கள். உரிமம் பெற்ற ஜெர்சி சில ஆயிரம் ரூபாய். தெருக்கடை நகல் சில நூறு. நகல் எளிதானதற்குக் காரணம் சப்ளிமேஷன் அச்சு. வடிவத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, வெள்ளைப் பாலியெஸ்டர் மீது வைத்து, சூடேற்றி அழுத்தினால் மை ஆவியாகி நூலிழைக்குள் இறங்கிவிடும். உள்ளாடைப் பனியனில் தொடங்கி ஏற்றுமதி டி-ஷர்ட்டுக்கு வளர்ந்த திருப்பூர் போன்ற பின்னலாடை ஊர்களில் இந்தத் தொழில்நுட்பம் பரவலாக உள்ளது. அட்மிரல் சட்டையில் சேர்த்த பட்டையும் முத்திரையும் இப்போது அச்சு இயந்திரத்துக்கு ஒரு கோப்பு மட்டுமே.

கையால் செய்துகொள்ளும் பழைய வழக்கமும் மறையவில்லை. 2022இல் கோழிக்கோடு அருகே புல்லாவூரில் ஆற்றின் நடுத்திட்டில் ரசிகர்கள் மெஸ்ஸிக்கு ஏறத்தாழ 30 அடிக் கட்-அவுட் நிறுத்தினார்கள். அடுத்து நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் அதைவிட உயரமானவை எழுந்தன. எந்த உரிமதாரரும் விற்காத பொருள் அது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பே அந்தக் கட்-அவுட்களின் படத்தைத் தன் சமூக வலைப் பக்கத்தில் பகிர்ந்தது. உரிமம் பெற்ற கடை, நகல் விற்கும் தெரு, ரசிகர் தாமே செய்துகொள்வது என்ற மூன்று வழிகளும் இன்று ஒன்றையொன்று ஒழிக்காமல் சேர்ந்தே நடக்கின்றன.