பழைய விலைகளை வாசித்தல்: போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் அன்றாட வாழ்வும் செய்தியும் (1945–1948)

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க மக்கள் செலுத்திய விலைகள் இன்று மலிவின் சான்றுகளாக மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அவ்விலைகளை ஊதியம், அரசின் விலைக் கட்டுப்பாடு, பொருள் கிடைத்த நிலை ஆகியவற்றோடு சேர்த்து வாசித்தால் வேறொரு சித்திரம் தோன்றுகிறது. குறிப்பாக 1946 ஆம் ஆண்டின் இறைச்சித் தட்டுப்பாட்டை முன்வைத்து, அக்காலத்தில் விலையே முதன்மைச் செய்தியாகவும் அரசியலாகவும் இருந்தமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விலைக் கட்டுப்பாடு, பங்கீடு, இறைச்சித் தட்டுப்பாடு, நுகர்வோர் விலைக் குறியீட்டெண், வானொலி, திரைப்படம்

முன்னுரை

1945 இல் அமெரிக்க நகரங்களில் ஒரு பவுண்டு ரொட்டியின் சராசரி விலை ஏறத்தாழ 9 சென்ட். ஒரு குவார்ட் பால் 16 சென்டிற்கும் ஒரு பவுண்டு மாட்டுத் தொடைக்கறி 41 சென்டிற்கும் விற்றன. அஞ்சல் தலை 3 சென்ட். ஒரு புட்டி கோக்கக் கோலா 5 சென்ட். நியூயார்க் சுரங்க ரயிலில் எவ்வளவு தொலைவு சென்றாலும் 5 சென்ட். இத்தகைய பட்டியல்கள் வாழ்த்து அட்டைகளிலும் பிறந்தநாள் மலர்களிலும் ‘நல்ல காலத்தின்’ அடையாளமாக இன்றும் அச்சாகின்றன. அவற்றில் உள்ள எண்கள் பெரும்பாலும் சரியானவையே. அவற்றை வாசிக்கும் முறையில்தான் சிக்கல் உள்ளது.

விலை என்பது தனித்து நிற்கும் எண் அன்று. அதை ஈட்ட எவ்வளவு நேரம் உழைக்க வேண்டியிருந்தது என்பதும், அவ்விலைக்குப் பொருள் உண்மையில் கிடைத்ததா என்பதும் அதனோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியவை. மெக் ஜேக்கப்ஸ், லிசபெத் கோகன் ஆகிய வரலாற்றாய்வாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட நூல்களில் நுகர்வோரை அமெரிக்க அரசியலின் நடுவில் வைத்து எழுதிய பிறகு, இரண்டாவது கேள்வியைத் தவிர்க்க இயலாது. எனினும் பட்டியல்கள் அதைத் தவிர்த்துக்கொண்டே வருகின்றன.

உழைப்பு நேரத்தில் விலை

முதற் கேள்வியைக் கணக்கிட்டே பார்க்கலாம். 1945 இல் ஆலைத் தொழிலாளி ஒருவரின் சராசரி மணிநேர ஊதியம் ஏறத்தாழ 1.02 டாலர், 1948 இல் ஏறத்தாழ 1.33 டாலர். இக்கணக்கின்படி ஒரு பவுண்டு ரொட்டிக்கு 1945 இல் ஐந்து நிமிடம் உழைத்தவர் 1948 இல் ஆறு நிமிடத்திற்குச் சற்றே கூடுதலாக உழைத்தார். பாலுக்கு ஒன்பது நிமிடம் பத்து நிமிடமாயிற்று. தொடைக்கறியின் கதை வேறு. 1948 இல் அதன் விலை 90 சென்ட். ஆகவே 24 நிமிட உழைப்புக்குக் கிடைத்த பொருளுக்கு 41 நிமிடம் உழைக்க வேண்டியதாயிற்று. கோக்கக் கோலாவோ மூன்று நிமிடத்திலிருந்து இரண்டேகால் நிமிடத்திற்கு இறங்கியது.

பழைய விலைப்பட்டியல்களில் கோக்கக் கோலா தவறாமல் இடம்பெறுவதும் தொடைக்கறி அரிதாகவே இடம்பெறுவதும் தற்செயல் என்று தோன்றவில்லை. அந்தக் குளிர்பானத்தின் விலை 1886 முதல் 1950-களின் இறுதிவரை ஏறத்தாழ மாறாமலே இருந்தது. நிறுவனத்தின் பழைய ஒப்பந்தங்களும், ஐந்து சென்ட் நாணயத்தை மட்டுமே ஏற்ற விற்பனைப் பொறிகளும், விலையையே முழக்கமாக்கிய விளம்பரமும் அதற்குக் காரணங்கள். அத்தகைய விதிவிலக்கான பொருளைக் கொண்டு ஒரு காலத்தை அளப்பது பொருந்தாது.

மேற்கண்ட கணக்கிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 24 நிமிடம் என்பது தாளில் உள்ள எண். 1945 இன் 41 சென்ட் சந்தை தானாக முடிவு செய்த விலை அன்று, அரசு விதித்த உச்ச விலை. அவ்விலைக்கு இறைச்சி கிடைத்தோரும் உண்டு. கடையின் பின்வாசலில் கூடுதல் பணம் கொடுத்தோரும், வெறுங்கையோடு திரும்பியோரும் உண்டு. பட்டியலில் இவர்கள் மூவருக்கும் ஒரே எண்தான்.

உச்ச விலையும் பங்கீட்டு அட்டையும்

1942 ஏப்ரலில் விலை நிருவாக அலுவலகம் பிறப்பித்த பொது ஆணை, அவ்வாண்டு மார்ச்சில் ஒரு கடை பெற்ற மிக உயர்ந்த விலையையே அக்கடையின் உச்ச விலையாக நிறுத்தியது. சர்க்கரையில் தொடங்கிய உணவுப் பங்கீடு, காப்பி, இறைச்சி, வெண்ணெய், புட்டியிலடைத்த உணவு என விரிந்தது. நாடெங்கும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர் வாரியங்கள் இதை நடத்தின. அவற்றில் பணியாற்றியோர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். கடை கடையாகச் சென்று விலைப்பலகையைச் சரிபார்த்தோருள் இல்லத்தரசியர் மிகுதி. உச்ச விலைக்கு மேல் கொடுக்கமாட்டேன் என உறுதிமொழி எடுத்துக்கொண்ட பெண்களுக்கு, கடையில் கேள்வி கேட்கும் உரிமையை அரசே வழங்கியிருந்தது. குடிமை என்பது வாக்குச்சாவடிக்கு வெளியே, கசாப்புக் கடையின் முன்னும் செயற்பட்ட காலம் அது. குடும்ப அட்டையோடு வரிசையில் நின்று பழகிய தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பு அயலானதாகத் தோன்றாது.

போர் முடிந்ததும் பெட்ரோல் பங்கீடு உடனே நீங்கியது. இறைச்சி, வெண்ணெய்ப் பங்கீடு 1945 நவம்பரில் முடிந்தது. சர்க்கரைப் பங்கீடு மட்டும் 1947 ஜூன் வரை நீடித்தது. பங்கீடு நீங்கிய பின்னும் உச்ச விலை நீங்கவில்லை என்பதை இங்குக் கருத வேண்டும். வாங்கும் அளவுக்குத் தடையில்லை; விலைக்குத் தடையுண்டு. போர்க்காலத்தில் சேமித்த பணம் மக்கள் கையில் இருந்தது. பொருளோ போதிய அளவில் இல்லை.

1946: விலையே செய்தி

1946 ஜூன் 30 அன்று விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலம் முடியவிருந்தது. தேசிய உற்பத்தியாளர் சங்கம் பெருந்தொகை செலவிட்டு, கட்டுப்பாடு நீங்கினால் உற்பத்தி பெருகி விலை தானே இறங்கும் என நாளிதழ்களில் விளம்பரம் செய்தது. பேராயம் வலுவிழந்த ஒரு நீட்டிப்புச் சட்டத்தை நிறைவேற்ற, குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதை நிராகரித்தார். கட்டுப்பாடுகள் ஒரே இரவில் மறைந்தன, விலைகள் ஏறின. ஜூலை 25 அன்று மற்றொரு சட்டம் கையெழுத்தாயிற்று. ஆனால் இறைச்சிக்கு ஆகஸ்டு 20 வரை விலக்களிக்கப்பட்டது.

இந்த இடைவெளிதான் நெருக்கடியை உண்டாக்கியது. கட்டுப்பாடு மீளும் என எதிர்பார்த்த கால்நடை வளர்ப்போர் முதிராத கால்நடைகளையும் சந்தைக்கு ஓட்டிவந்து கூடுதல் விலைக்கு விற்றனர். உச்ச விலை மீண்டும் வந்ததும் எஞ்சியவற்றை மேய்ச்சல் நிலத்திலேயே நிறுத்திக்கொண்டனர். செப்டம்பரில் நகரக் கசாப்புக் கடைகள் வெறுமையாயின. இறைச்சி உள்ள கடைகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. கோடையில் விலை உயர்வை எதிர்த்து வாங்க மறுத்த அதே குடும்பங்கள், இலையுதிர் காலத்தில் எவ்விலைக்கும் வாங்கப் பொருளின்றி நின்றன. விலைக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாகக் கருத்துக்கணிப்புகளில் தொடர்ந்து குரல் கொடுத்துவந்த பெரும்பான்மை இங்கேதான் தளர்ந்தது. கட்டுப்பாட்டைத் தோற்கடித்தது விளம்பரம் மட்டுமே எனக் கூறுவோர் இந்த வெற்றுக் கடைகளின் பங்கைக் குறைத்து மதிப்பிடுகின்றனர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அக்டோபர் 14 அன்று வானொலியில் மக்களிடம் பேசிய ட்ரூமன், இறைச்சி மீதான கட்டுப்பாட்டை நீக்குவதாக அறிவித்தார். நவம்பர் 5 அன்று நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சி பேராயத்தின் இரு அவைகளையும் கைப்பற்றியது. நான்கே நாளில், வாடகை, சர்க்கரை, அரிசி தவிர ஏனைய பெரும்பாலானவற்றின் கட்டுப்பாடுகளும் நீக்கப்பட்டன. 1945 டிசம்பருக்கும் 1946 டிசம்பருக்கும் இடையே நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 18 விழுக்காடு உயர்ந்தது.

நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி

அக்கால மக்கள் செய்தியை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதற்கு அரியதொரு சான்று கிடைக்கிறது. 1945 ஜூலையில் நியூயார்க்கில் நாளிதழ் விநியோகிப்போர் இரு வாரத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். மேயர் லா கார்டியா வானொலியில் குழந்தைகளுக்குச் சித்திரக் கதைகளை வாசித்துக்காட்டியது இப்போதுதான். அந்நாள்களில் பெர்னார்டு பெரல்சன் நடத்திய நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு 1949 இல் வெளிவந்தது. உலகச் செய்திகளை அறியவே நாளிதழ் தேவை என ஏறத்தாழ அனைவரும் கூறினர். எந்தச் செய்தியை இழந்தீர்கள் எனக் கேட்டபோது குறிப்பாகச் சொல்ல முடிந்தவர் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இல்லை. அவர்கள் நாள்தோறும் தவிப்போடு தேடியவற்றுள் வானொலி நிகழ்ச்சி நிரலும் திரைப்பட நேரமும் கடை விளம்பரமும் இருந்தன. நாளிதழ், அன்றாட வாழ்வை நடத்த உதவும் கருவியாக இருந்தது. விலைச் செய்தி எளிதில் முதற்பக்கத்தை அடைந்ததன் காரணத்தை இங்கிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

தொலைக்காட்சியின் வரலாற்றிலும் உணவே குறுக்கிடுகிறது. வெள்ளை மாளிகையிலிருந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் குடியரசுத் தலைவர் உரை 1947 அக்டோபர் 5 அன்று ட்ரூமன் ஆற்றியதாகும். ஐரோப்பாவின் பசியைத் தணிக்கத் தானியம் சேமிக்க வேண்டி, செவ்வாயன்று இறைச்சியையும் வியாழனன்று கோழியையும் முட்டையையும் தவிர்க்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். கோழி வளர்ப்போர் எதிர்ப்புத் தெரிவித்து உயிர்க்கோழிகளை வெள்ளை மாளிகைக்கே அனுப்பிவைத்தனர். அவ்வுரையைக் கண்டவரினும் கேட்டவரே மிகப் பலர். 1950 இல்கூட நூற்றுக்கு ஒன்பது வீடுகளில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. வானொலியோ ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் இருந்தது.

திரையரங்கில் ஊதியக் கணக்கு

அமெரிக்கத் திரையரங்குகளின் வருகை உச்சத்தைத் தொட்டதும் 1946 இல்தான். வாரந்தோறும் எட்டு முதல் ஒன்பது கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றதாக மதிப்பிடுவர். சீட்டின் சராசரி விலை 40 சென்ட் அளவில் இருந்தது. அதாவது இருபது நிமிட உழைப்புக்குச் சற்று மேல். மகிழுந்தும் குளிர்பதனப் பெட்டியும் கடைக்கு வந்து சேராத நிலையில், கையிலிருந்த பணத்தைச் செலவிட எளிதில் கிடைத்தவற்றுள் திரைப்படமும் ஒன்று.

அவ்வாண்டு வெளியாகிச் சிறந்த படத்திற்கான ஆஸ்கர் விருது பெற்ற ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தில், விமானப்படை அதிகாரியாக இருந்து திரும்பும் ஒருவர் பழைய மருந்துக் கடையிலேயே வாரம் 32.50 டாலருக்கு வேலைக்குச் சேர்கிறார். போர்க்காலத்தில் அவர் பெற்றது மாதம் 400 டாலர். வில்லியம் வைலர் இயக்கிய இப்படம் வீரர்களின் மனக்காயத்திற்காகவே பெரிதும் பேசப்படுகிறது. அதில் ஊதியமும் கடனும் வீடும் இத்தனை துல்லியமாக எண்ணப்படுவது போதிய கவனம் பெறவில்லை. வேலையற்ற முன்னாள் வீரர்களுக்கு அரசு 52 வாரம்வரை வாரம் 20 டாலர் அளித்துவந்த காலத்தில், அரங்கில் அமர்ந்திருந்தோர் அந்த 32.50 டாலரை எளிதில் எடைபோட்டிருப்பர்.

குறியீட்டெண் ஊதியமாதல்

1945 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 113 நாள் நீடித்தது. வால்டர் ரூதர் தலைமையில் அவர்கள் கேட்டது, மகிழுந்தின் விலையை ஏற்றாமலே 30 விழுக்காடு ஊதிய உயர்வு. விலையையும் ஊதியத்தையும் ஒரே பேச்சில் வைத்த அக்கோரிக்கை நிறைவேறவில்லை; மணிக்கு 18.5 சென்ட் உயர்வோடு போராட்டம் முடிந்தது. அவ்வுயர்வை அடுத்த கோடையின் விலையேற்றம் விரைவில் விழுங்கியது.

இதே காலத்தில் லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன் வீடுகள் 1947 இல் மாதம் 60 டாலர் வாடகைக்கு முன்னாள் வீரர்களுக்கு விடப்பட்டன. வெள்ளையர் அல்லாதோர் குடியிருக்கலாகாது என்னும் விதி அதன் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. 60 டாலர் என்னும் எண்ணைப் பட்டியலில் காண்போர் அது யாருக்கான விலை என்பதையும் கேட்க வேண்டும். 1948 ஜூலை 1 அன்று நியூயார்க் சுரங்க ரயிலின் கட்டணமும், 1904 முதல் மாறாதிருந்த ஐந்து சென்டிலிருந்து பத்தாக இரட்டித்தது.

அதற்குச் சில வாரம் முன்னர், 1948 மே மாதத்தில், ஜெனரல் மோட்டார்ஸும் தொழிற்சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் மணிநேர ஊதியத்தைத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் குறியீட்டெண்ணோடு பிணைத்தது. போர்க்காலத்தில் அதே எண்ணைத் தொழிற்சங்கங்கள் நம்ப மறுத்திருந்தன. தரம் குறைந்த பொருளையும் கிடைக்காத பொருளையும் உச்ச விலையிலேயே கணக்கிட்டு, வாழ்க்கைச் செலவை அது குறைத்துக் காட்டுகிறது என்பது அவற்றின் வாதம். அதை ஆராய்ந்த குழுவும் சில புள்ளிகள் அளவுக்கு அவ்வாதத்தை ஏற்றது. 1945 இல் ‘வாழ்க்கைச் செலவு’ என்னும் பழம்பெயரைக் குறியீட்டெண் இழந்தது அந்தச் சர்ச்சையின் விளைவே. மூன்றாண்டில் அந்த எண் ஆலைத் தொழிலாளியின் சம்பள உறைக்குள் வந்து சேர்ந்தது. 1949 இல் குறியீட்டெண் சற்றே இறங்கியபோது, ஒப்பந்தத்தின்படி அவரது மணிநேர ஊதியத்திலிருந்தும் சில சென்ட் குறைக்கப்பட்டது.