பாலித் தீவின் நீர்க் கோயில்களும் ஒரு கணினி மாதிரியும்

இந்தோனேசியாவின் பாலித் தீவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கடற்கரை, சுற்றுலா, இந்துக் கோயில்கள் ஆகியவைதான். ஆனால் சமூகம் எப்படி இயங்குகிறது என்று ஆராய்பவர்களுக்கு அந்தத் தீவு வேறொரு காரணத்துக்காக முக்கியமானது. மேலிருந்து ஒரு பொறியாளரோ அமைச்சரோ உத்தரவு போடாமல், பல்லாயிரம் விவசாயிகள் ஒரு பெரிய பாசன முறையை நூற்றாண்டுகளாக அங்கே நடத்தி வந்திருக்கிறார்கள். அந்த முறை எவ்வளவு நுட்பமானது என்பது வெளியுலகத்துக்குத் தெரிந்தது எப்போது தெரியுமா? அதைக் கெடுத்த பிறகுதான்!

சிக்கலான தகவமைவு அமைப்பு என்றால் என்ன?

ஒரு எறும்புப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எறும்புக்கும் முழுப் புற்றின் வரைபடம் தெரியாது. தன் பக்கத்தில் நடப்பதை மட்டும் பார்த்து ஒவ்வொன்றும் வேலை செய்கிறது. ஆனாலும் மொத்தத்தில் ஓர் ஒழுங்கு உருவாகிறது. சூழ்நிலை மாறினால் அந்த ஒழுங்கும் தன்னை மாற்றிக்கொள்கிறது. சந்தை, நகரம், மொழி எல்லாமே ஓரளவுக்கு இப்படித்தான். இவற்றைத்தான் அறிஞர்கள் சிக்கலான தகவமைவு அமைப்புகள் என்கிறார்கள்.

மனித சமூகத்தை இப்படிப் பார்க்கும் முயற்சிகளில் முதன்மையான ஒன்று அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் வெளியிட்ட மாதிரி. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு வகைக் காய்களை வைத்து, "பக்கத்தில் என் வகையினர் ஓரளவாவது இருக்க வேண்டும்" என்ற மிதமான விருப்பம் மட்டும் ஒவ்வொரு காய்க்கும் இருப்பதாக வைத்துக்கொண்டார். அந்தச் சின்ன விருப்பமே போதும், பலகை முழுவதும் தனித்தனிச் சேரிகளாகப் பிரிந்துவிடும் என்று காட்டினார். யாரும் விரும்பாத விளைவு, எல்லோருடைய விருப்பத்திலிருந்தும் பிறந்தது. 1984இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான்டா ஃபே ஆய்வு நிலையம் தொடங்கப்பட்ட பிறகு இந்தத் துறை வேகமாக வளர்ந்தது.

ஷெல்லிங்கின் காய்கள் கற்பனைக் காய்கள். உண்மையான ஒரு சமூகத்தை, அதன் ஆறு, வயல், பூச்சி, விளைச்சல் எல்லாவற்றோடும் சேர்த்துக் கணினிக்குள் கொண்டுவர முடியுமா? அதற்கு பாலி ஒரு விடை கொடுத்தது.

சுபக்: ஒரே வாய்க்காலின் உழவர்கள்

பாலி ஓர் எரிமலைத் தீவு. ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன. வயல்களோ மேலே, மலைச்சரிவில் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கின்றன. அதனால் ஆற்றின் குறுக்கே சிறு அணை கட்டி, பாறையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் அமைத்து, தொலைவில் உள்ள வயலுக்குத் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகளின் சங்கத்துக்கு 'சுபக்' என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு.

சுபக்கின் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டம் போட்டு விதி வகுக்கிறார்கள். மீறினால் அபராதம். தண்ணீரைப் பங்கிட ஒரு எளிய கருவி வைத்திருந்தார்கள்: வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை, அதில் அவரவர் பங்குக்கு ஏற்ற அகலத்தில் வெட்டுகள். வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் பங்கு விகிதம் மாறாது. யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துச் சரிபார்க்கலாம்.

ஒவ்வொரு சுபக்குக்கும் கோயில் உண்டு. பல சுபக்குகள் சேர்ந்து வழிபடும் பெரிய கோயில்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பத்தூர் ஏரியின் தேவியான தேவி தனுவின் கோயில் இருக்கிறது. அதன் தலைமைப் பூசாரி சிறுவயதிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு ஆயுள் முழுவதும் அந்தப் பொறுப்பில் இருப்பவர். அந்தக் கோயிலின் புனித நீரை அவர்களும் 'தீர்த்தம்' என்றுதான் சொல்கிறார்கள். 1926இல் எரிமலைக் குழம்பு பழைய கோயிலையும் ஊரையும் மூடியபோது, மக்கள் எரிமலைவாயின் விளிம்பில் கோயிலைத் திரும்பக் கட்டினார்கள்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது வெறும் சடங்காகவே தெரிந்தது. ஆனால் கோயில் கூட்டங்களில் பேசப்பட்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எந்த சுபக் எப்போது நடவு செய்வது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதுதான் அது.

இரண்டு பிரச்சினைகள், எதிரெதிர் தீர்வுகள்

நெல் விவசாயிக்கு இரண்டு கவலைகள். ஒன்று தண்ணீர், மற்றொன்று பூச்சி.

சேற்றுழவுக்கும் நடவுக்கும்தான் தண்ணீர் மிக அதிகமாக வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் நடவு செய்தால் ஆறு தாங்காது. எனவே தண்ணீரைப் பொறுத்தவரை, ஆளுக்கொரு நேரத்தில் நடுவதே நல்லது.

பூச்சிக்கு இது நேர்மாறு. பக்கத்து வயலில் பயிர் நின்றுகொண்டே இருந்தால் பூச்சியும் எலியும் வயலுக்கு வயல் தாவி உயிர் வாழும். பெரிய பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அறுவடை செய்து, தண்ணீர் கட்டித் தரிசாக விட்டால் அவற்றுக்கு உணவும் இல்லை, இருப்பிடமும் இல்லை. எனவே பூச்சியைப் பொறுத்தவரை, எல்லோரும் சேர்ந்து நடுவதே நல்லது.

இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு சரியான அளவு இருக்கிறது. எத்தனை சுபக்குகள் சேர்ந்து நட வேண்டும், எத்தனை தள்ளி நட வேண்டும்? நூற்றுக்கணக்கான சுபக்குகள், கிளை கிளையாகப் பிரியும் வாய்க்கால்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறும் மழை. காகிதத்தில் கணக்குப் போட்டுத் தீர்க்கக்கூடியது அல்ல இது.

இன்னொரு கேள்வியும் உண்டு. மேல்மடைக்காரர் ஏன் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் விட வேண்டும்? அவருக்குத்தான் தண்ணீர் கஷ்டமே இல்லையே! இதற்கு பதில் பூச்சியில் இருந்தது. தண்ணீர் கிடைக்காத கடைமடைக்காரர் வேறு நேரத்தில் நடவு செய்வார். அப்போது அவருடைய வயலில் வளரும் பூச்சி மேல்மடைக்குத்தான் ஏறி வரும். கடைமடைக்குத் தேவை தண்ணீர், மேல்மடைக்குத் தேவை பூச்சியில்லாத அண்டை வயல். ஒருவரிடம் இல்லாதது மற்றவர் கையில் இருந்ததால் ஒத்துழைப்பு இருவருக்குமே லாபமாக இருந்தது.

பசுமைப் புரட்சி வந்தது

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் நன்கு தெரிந்த பெயர்தான் அது. குறைந்த நாளில் அதிக விளைச்சல் தரும் புதிய ரகங்களும், ரசாயன உரமும், பூச்சிமருந்தும், கடனும் ஒரே தொகுப்பாக 1970களின் தொடக்கத்தில் பாலிக்கு வந்தன. இந்தோனேசிய அரசின் கவலை நியாயமானது. அப்போது அந்த நாடு பெருமளவில் அரிசியை இறக்குமதி செய்துகொண்டிருந்தது.

"கோயில் கணக்கைப் பார்க்காதீர்கள். முடிந்தவரை அதிக முறை நடவு செய்யுங்கள்" என்பதே விவசாயிகளுக்குச் சொல்லப்பட்ட யோசனையின் சாரம். முதலில் விளைச்சல் கூடியது. சில ஆண்டுகளில் பிரச்சினைகள் ஆரம்பித்தன. அவரவர் இஷ்டத்துக்கு நட்டதால் தண்ணீர் முறை குலைந்தது. புகையான் பூச்சி பெருகியது. மருந்து அடித்தார்கள். மருந்து சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிரினங்களையும் கொன்றதால் புகையான் இன்னும் பெருகியது. புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.36 வந்தது. அதற்குப் பிறகு துங்ரோ வைரஸ் நோய் வந்தது. ஒவ்வொரு தீர்வும் அடுத்த பிரச்சினையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

விவசாயிகள் அதிகாரிகளிடம் போய், பழையபடி கோயில் முறைப்படி நடவு செய்ய விடுங்கள் என்று கேட்டார்கள். அது மதப் பழக்கத்தின் மேல் உள்ள பிடிப்பு என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. 1979இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியுடன் பெரிய பாசனத் திட்டமும் ஆரம்பமானது. அணைகளும் வாய்க்கால்களும் நவீனமாகக் கட்டப்பட்டன. திட்டமிட்டவர்களின் வரைபடங்களில் நீர்க் கோயில்களுக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

கணினிக்குள் இரண்டு ஆறுகள்

1970களிலிருந்தே பாலியில் ஆராய்ச்சி செய்துவந்த அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், கோயில்கள் உண்மையில் பாசன நிர்வாகம் செய்கின்றன என்று வாதிட்டார். இதைச் சொன்னால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து 1980களில் ஒரு கணினி மாதிரியை உருவாக்கினார்.

தென் பாலியில் ஊஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகளின் கரையில் உள்ள 172 சுபக்குகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எந்த சுபக் எந்த அணையில் தண்ணீர் எடுக்கிறது, மழை எவ்வளவு, பயிருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், பூச்சி எவ்வளவு வேகத்தில் பரவும் என்பவற்றை எல்லாம் கணக்கில் சேர்த்தார்கள்.

முதல் சோதனையில், ஒவ்வொரு சுபக்கும் தனித்தனியே நட்டால் பூச்சி பெருகியது. 172ம் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதவில்லை. கோயில் குழுக்கள் எந்த அளவில் ஒருங்கிணைத்தனவோ அந்த அளவில் விளைச்சல் நன்றாக இருந்தது. உண்மையான விளைச்சல் கணக்குகளோடும் அதுதான் நன்றாகப் பொருந்தியது.

இரண்டாவது சோதனைதான் வியப்பானது. கணினியில் கோயில்களையே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு சுபக்குக்கும் ஏதோ ஒரு நடவு நாளைக் குருட்டாம்போக்கில் கொடுத்தார்கள். ஒரே ஒரு விதி: ஆண்டு முடிவில் பக்கத்து சுபக்குகளைப் பார், உன்னைவிட யாருக்காவது நல்ல விளைச்சல் என்றால் அடுத்த ஆண்டு அவர் செய்ததைச் செய். அவ்வளவுதான். கணினியில் சில பத்து ஆண்டுகள் ஓடுவதற்குள், ஒரே நேரத்தில் நடும் குழுக்கள் தாமாகவே உருவாகின. அந்தக் குழுக்களின் அமைப்பு உண்மையான கோயில் குழுக்களின் அமைப்பை ஒத்திருந்தது! மொத்த விளைச்சலும் ஏறியது.

அதாவது, இந்த ஏற்பாட்டை வகுக்க ஒரு மேதையோ மன்னரோ தேவைப்படவில்லை. பக்கத்து வயலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் உழவர்களே போதும். இந்த ஆய்வு 1993இல் விரிவாக வெளியானது. அதற்கு முன்பே 1988இல், தன் திட்டத்தை மதிப்பிட்ட ஆசிய வளர்ச்சி வங்கி, பாரம்பரிய முறையை உணராமல் போனதற்குப் பெரிய விலை கொடுக்க நேர்ந்ததை ஒப்புக்கொண்டது. 1986இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்திருந்தது.

அரசனா, உழவனா?

இதில் வரலாற்று மாணவர்களுக்கு ஒரு முக்கியமான பாடம் உண்டு. 1957இல் கார்ல் விட்ஃபோகல் என்ற அறிஞர் 'கிழக்கத்தியக் கொடுங்கோன்மை' பற்றிய தன் நூலில், பெரிய பாசனம் நடத்த வலிமையான மைய அரசு தேவை, அதனால்தான் ஆசியாவில் சர்வாதிகாரம் வளர்ந்தது என்று வாதிட்டார். பாலி இந்தக் கருத்துக்கு நேர் எதிரான சாட்சி. அங்கே ஓர் ஆறு பல சிற்றரசுகளின் எல்லைகளைக் கடந்து ஓடியது. அரசுகள் சண்டையிட்டன, வீழ்ந்தன. டச்சுக்காரர்கள் 1906, 1908 ஆண்டுகளில் தென் பாலியின் கடைசி அரசுகளையும் அழித்தார்கள். வயலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் அரசர்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2003இல் பிரிகிட்டா ஹவுசர்-ஷாய்ப்லின் என்ற மானிடவியலாளர், பாலியின் மன்னர்கள் கோயில்கள் வழியாகப் பாசனத்தில் செல்வாக்குச் செலுத்தினார்கள் என்று வாதிட்டார். இந்த விவாதம் நியாயமானது. ஓர் அமைப்பு தானாக உருவாக முடியும் என்று கணினி காட்டலாம். உண்மையில் அப்படித்தான் உருவானது என்பதற்கு ஓலையும் கல்வெட்டும் அகழாய்வும்தான் சாட்சி சொல்ல வேண்டும். மாதிரி என்பது வரலாற்றுக்குத் துணை, மாற்று அல்ல.

2017இல் லான்சிங்கும் வேறு சிலரும் செயற்கைக்கோள் படங்களில் பாலியின் வயல்களைப் பார்த்தார்கள். ஒரே பருவத்தில் நிற்கும் வயல் திட்டுகள் சிறிதும் பெரிதுமாக ஒரு குறிப்பிட்ட கணித ஒழுங்கில் பரவியிருந்தன. தாமாக ஒழுங்குபடும் அமைப்புகளில் எதிர்பார்க்கப்படும் ஒழுங்கு அது.

கடைசியாக…

யுனெஸ்கோ 2012இல் சுபக் முறையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதே தீவில் விடுதிகளும் சுற்றுலா மாளிகைகளும் வயலையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு சுபக்கின் நடுவில் பத்து வயல்கள் கட்டடமானால், இழப்பு அந்தப் பத்து வயலோடு நிற்பதில்லை. வாய்க்கால் அறுபடுகிறது, சேர்ந்து தரிசு விடும் ஒப்பந்தமும் அறுபடுகிறது.

விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் சொன்னதுதான் கணினியிலும் வந்தது. அதே விஷயம் உழவர் வாயிலிருந்து வந்தபோது மூடநம்பிக்கை, திரையில் தெரிந்தபோது அறிவியல். சமூகத்தை மாதிரியாக்க நினைப்பவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். நமக்குக் காரணம் தெரியவில்லை என்பதற்காக ஒரு பழக்கத்தைக் காரணமில்லாதது என்று தள்ளிவிடக் கூடாது. பழையது எல்லாம் சரி என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒன்றைப் பிரிப்பதற்கு முன்னால் அது என்ன வேலை செய்கிறது என்று அங்கே உள்ளவர்களிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.